புகார் எண்ணை எழுதி வையுங்கள்: இணையத்தில் பிள்ளைகளை வசப்படுத்துகிறவர்களை எதிர்கொள்ள ஒரு வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு அம்மா வந்து கதவைத் தட்டினார். கையில் மகளின் போன். "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். எனக்குப் படிக்கவே கை நடுங்குது" என்றார். மகளுக்கு 13 வயது. அவளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

முதல் செய்தியிலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். ஓர் ஆன்லைன் கேமில் இருவரும் ஒரே அணியில் ஆடியிருக்கிறார்கள். "சூப்பரா ஆடுற" என்று ஆரம்பித்திருக்கிறான். அப்புறம் தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு, பள்ளி விட்டு வரும் நேரம் பார்த்து, "சாப்பிட்டியா?" ஐந்தாம் நாள், கேமுக்குள் காசு கொடுத்து வாங்கும் உடுப்பு ஒன்றைப் பரிசாக அனுப்பியிருக்கிறான். எட்டாம் நாள் கணக்குப் பரீட்சை மார்க்குக்காக வீட்டில் திட்டு விழுந்திருக்கிறது. அன்றைக்கு அவன் எழுதியது: "உங்க அம்மாவுக்கு உன்னைப் புரியல. நான் இருக்கேன்ல." பத்தாம் நாள், "இந்த சாட் சரியில்ல, வேற ஆப்புக்கு வா." அங்கே போனதும், "பேசினதை எல்லாம் டெலீட் பண்ணிடு, நமக்குள்ள இருக்கட்டும்." பத்தொன்பதாம் நாள் போட்டோ கேட்டான். முதலில் ஸ்கூல் யூனிஃபார்மில் ஒன்று. அடுத்து கேட்டது யூனிஃபார்ம் இல்லாமல்.

அந்தப் பெண் சாட்டை அழிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "ஸ்டிக்கர் எல்லாம் போயிடுமே ஆன்ட்டி" என்றாள். அந்த ஸ்டிக்கர்கள்தான் பின்னால் எங்களுக்கு ஆதாரத்தைக் காப்பாற்றிக் கொடுத்தன.

இதைத்தான் குரூமிங் என்கிறார்கள். குழந்தையோடு பழகிப் பழகி, நம்பிக்கையைச் சம்பாதித்து, வீட்டாரிடமிருந்து மெல்லப் பிரித்து, பாலியல் ரீதியாகப் பயன்படுத்திக்கொள்ளத் தயார்ப்படுத்துவது. அந்த உரையாடலைத் திரும்பிப் பாருங்கள். 18 நாள் வரைக்கும் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. அதனால் ஆபாச வார்த்தைகளைத் தேடும் வடிகட்டிகளில் இது சிக்காது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் டார்ட்மத் கல்லூரியும் சேர்ந்து 2009-இல் கொண்டுவந்த 'ஃபோட்டோ டி.என்.ஏ.' போன்ற தொழில்நுட்பம், ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட படங்களைத்தான் பிடிக்கும். "சாப்பிட்டியா" என்று கேட்பவனை அதனால் பிடிக்க முடியாது.

"நான் எங்கே அக்கா கோட்டை விட்டேன்?" என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். இப்படி ஒன்று நடந்தால் எல்லாரும் முதலில் அம்மாவைக் கேட்பார்கள், அடுத்து பிள்ளையைக் கேட்பார்கள். முன்பின் தெரியாத ஒருவன் பள்ளிப் பிள்ளைக்கு நேரடியாகச் செய்தி அனுப்பும்படி கதவைத் திறந்து வைத்த கம்பெனியை மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்பதற்கு நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. எப்படிக் கேட்பது என்பதைத்தான் முதன்முதலாக இந்த நிலைமையில் மாட்டிக்கொள்ளும் பெற்றோருக்காக எழுதுகிறேன். பையன்களைப் பெற்றவர்களுக்கும் சேர்த்துத்தான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாப்பதற்கான போக்சோ சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயது நிறையாத எவரும். ஆண், பெண் பேதம் இல்லை. பையன்களிடம் படம் வாங்கிக்கொண்டு காசு கேட்டு மிரட்டுவது ஒரு தொழிலாகவே நடக்கிறது.

சட்டம் இதை என்னவென்று சொல்கிறது

இரண்டு சட்டங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். புகார் எழுதும்போது இந்தப் பிரிவு எண்களைக் குறிப்பிட்டால், படிக்கிறவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

முதலாவது, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். அதன் 11-ஆம் பிரிவு, பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை நேரிலோ மின்னணு வழியிலோ திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்வதையே குற்றம் என்கிறது. தொட்டிருக்க வேண்டியதில்லை, சந்தித்திருக்கவும் வேண்டியதில்லை. குழந்தையின் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டுவதும் அதே பிரிவில் வருகிறது. அந்தப் படம் உண்மையா, கம்ப்யூட்டரில் ஜோடித்ததா என்று சட்டம் வித்தியாசம் பார்ப்பதில்லை. 12-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை.

இரண்டாவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு. 2009-இல் நடைமுறைக்கு வந்தது. பாலியல் செயலுக்காகக் குழந்தைகளை இணைய உறவுக்குள் பழக்குவது, ஆசை காட்டி இழுப்பது, தூண்டுவது ஆகியவை இதில் தனியாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. நம் சட்டங்களில் குரூமிங்குக்கு மிக நெருக்கமான வாசகம் இதுதான். முதல் முறை தண்டனை 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

முதல் வேலை பிள்ளையிடம்

போனைப் பிடுங்காதீர்கள். கத்தாதீர்கள். "இதை என்கிட்ட சொன்னியே, அதுவே பெரிசு. உன் மேல தப்பு இல்ல. இனிமே நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். இந்த மூன்று வாக்கியங்களைச் சொல்வது லேசில்லை என்று எனக்குத் தெரியும். வயிறு எரியும். ஆனால் "அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்க" என்று 19 நாளாக அவன் சொல்லி வைத்திருக்கிறான். நீங்கள் கத்தினால் அவன் சொன்னது சரி என்றாகிவிடும். அதற்கு மேல் பிள்ளை வாய் திறக்காது.

அன்றைக்கே எல்லாவற்றையும் கேட்டுவிடவும் வேண்டாம். துருவித் துருவிக் கேட்டால் பதில் மாறி மாறி வரும். பின்னால் வழக்கில் அதுவே சிக்கலாகும். யார், எந்த ஆப், படம் ஏதாவது போயிருக்கிறதா, காசு ஏதாவது போயிருக்கிறதா. இந்த நான்கு மட்டும் போதும். காசு போயிருந்தால் உடனே இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அடியுங்கள்; பணம் கைமாறி முடிவதற்குள் வங்கிக் கணக்கை முடக்க அதில்தான் வழி. மிரட்டுகிறவனுக்கு மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த மணி நேரமே இன்னும் கேட்பான்.

ஆதாரம்: ப்ளாக் செய்வதற்கு முன்னால்

எல்லாரும் செய்யும் தப்பு, ஆத்திரத்தில் அவனை உடனே ப்ளாக் செய்து, சாட்டை அழித்து, ஆப்பையே தூக்கிவிடுவது. நியாயமான ஆத்திரம்தான். ஆனால் அதோடு அவன் தப்பித்தான். ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

அவனுடைய பக்கத்தைத் திறந்து, மேலே தெரியும் பெயரை மட்டும் எழுதாமல், ஐடியையும் அந்தப் பக்கத்தின் லிங்க்கையும் எடுத்து வையுங்கள். பெயரை எந்த நேரமும் மாற்றிவிடலாம். ஐடி தெரிந்தால்தான் கம்பெனி பதிவேட்டில் ஆளைத் தேட முடியும். கேமாக இருந்தால் ஆட்டக்காரருக்கு ஓர் எண் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். போன் நம்பர், யு.பி.ஐ. ஐடி இருந்தால் இன்னும் நல்லது.

சாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதியும் நேரமும் தெரிய வேண்டும். ஒரு படத்தின் கடைசி வரி அடுத்த படத்தின் முதல் வரியாக இருந்தால், நடுவில் எதையும் உருவவில்லை என்பது பார்த்தவுடன் புரியும். இன்னொரு போனால் திரையை வீடியோ எடுப்பதும் நல்ல வழி; தானாக மறையும் செய்திகளுக்கு அதுதான் உதவும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிள்ளையின் நிர்வாணப் படமோ அப்படிப்பட்ட வீடியோவோ அதில் இருந்தால், அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், பிரதி எடுக்காதீர்கள். வக்கீலுக்கு, மாமாவுக்கு, பள்ளித் தலைமையாசிரியருக்கு என்று யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அப்படிப்பட்ட படத்தை அனுப்புவதும் பகிர்வதற்காக வைத்திருப்பதும் போக்சோவின் 15-ஆம் பிரிவில் குற்றம். நல்லெண்ணத்தில் செய்தாலும் அந்தப் படம் இன்னும் ஒரு போனில் ஏறிவிடுகிறது. அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். போலீஸ் வந்து பார்த்து எடுத்துக்கொள்ளட்டும். போனை ரீசெட் செய்வது, சர்வீஸுக்குக் கொடுப்பது எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் ஒருவரை ரிப்போர்ட் செய்தால், அவர் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் கம்பெனிக்குப் போகும். அப்போது, ப்ளாக் செய்துவிட்டு அரட்டையையும் அழிக்கவா என்று கேட்டு ஒரு சின்னக் கட்டத்தில் டிக் இருந்தால், அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். வரிசை இதுதான்: முதலில் ஆதாரம், அடுத்து ரிப்போர்ட், அப்புறம் ப்ளாக்.

கம்பெனிக்கு எழுதுவது

ஆப்புக்குள் இருக்கும் 'ரிப்போர்ட்' பொத்தானை அழுத்துவதோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். அது போதாது. "உங்கள் புகாரைப் பார்த்தோம், எங்கள் விதிகளை மீறவில்லை" என்று ஓர் இயந்திரப் பதில் வரும். அந்த அம்மாவுக்கு அப்படித்தான் வந்தது.

2021 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இந்தியாவில் இயங்கும் ஒவ்வொரு தளமும் ஒரு குறைதீர் அலுவலரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். 50 லட்சம் பயனாளர்களைத் தாண்டிய பெரிய சமூக ஊடகம் என்றால், அந்த அலுவலர் இந்தியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். சட்டத்தைக் கடைப்பிடிப்பதற்கென்று ஒரு தலைமை அலுவலர், போலீஸோடு 24 மணி நேரமும் தொடர்பில் இருக்க ஒருவர் என்று இன்னும் இரண்டு பேரும் வேண்டும். ஆப்பின் 'உதவி' பகுதியில் தேடினால் குறைதீர் அலுவலரின் மின்னஞ்சல் கிடைக்கும். தேடுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கண்ணில் படும் இடத்தில் வைத்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"என் மகளின் வயது 13. இந்த ஐடியிலிருந்து இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை அவளைத் தொடர்ந்து தொடர்பு கொண்டு, ஆபாசப் படம் அனுப்பும்படி கேட்டிருக்கிறார்கள். இது போக்சோ சட்டம் 11-ஆம் பிரிவு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவு ஆகியவற்றின்படி குற்றம். 2021 விதிகளின் 3(2) விதியின்படி இந்தப் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான எண்ணைத் தாருங்கள். அந்தக் கணக்கை முடக்குங்கள். அதன் பதிவு விவரங்களையும் செய்திகளையும் விசாரணைக்காகப் பாதுகாத்து வையுங்கள். போக்சோ 19-ஆம் பிரிவின்படி இதை நீங்களும் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும்."

அவ்வளவுதான். கதை எழுத வேண்டாம், அழுகையும் வேண்டாம். ஆங்கிலம் வராவிட்டால் தமிழிலேயே எழுதி, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்த ஆங்கிலப் பிரதியைக் கூடவே சேர்த்து விடுங்கள்.

"பாதுகாத்து வையுங்கள்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். தளம் நீக்கிய உள்ளடக்கத்தை விசாரணைக்காக 180 நாள் வைத்திருக்க வேண்டும், கணக்கை மூடியவரின் பதிவு விவரங்களையும் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன இந்த விதிகள். அதாவது அவன் கணக்கை அழித்துவிட்டு ஓடினாலும் ஆறு மாதத்துக்கு அவன் தடம் கம்பெனியிடம் இருக்கும். "பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் கைக்கு வரும் தடம் போய்விடும்.

படம் ஏற்கெனவே வெளியே போயிருந்தால் விதி 3(2)(பி)-யைக் குறிப்பிடுங்கள். அந்தரங்க உறுப்பு தெரியும் படம், நிர்வாணப் படம், முகத்தை ஒட்டி ஜோடித்த படம் ஆகியவற்றைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ புகார் கொடுத்தால், 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று 2021 விதிகள் கம்பெனிகளுக்குக் கெடு வைத்தன. புகார் அனுப்பிய நேரத்தை மணிக்கணக்கில் குறித்துவைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கூடவே 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையையும் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துவது. எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். படம் உங்கள் போனை விட்டு எங்கேயும் போகாது. போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி எண் உருவாகி, அந்த எண் மட்டும் இதில் சேர்ந்திருக்கும் தளங்களுக்குப் போகிறது. அதே படத்தை யாராவது அங்கே ஏற்றினால் அந்தத் தளம் அதைக் கண்டுபிடித்து நீக்கிவிடலாம்.

போலீஸ்: பயப்படுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கம்பெனியிடம் சொல்வது போலீஸிடம் சொன்னதாக ஆகாது. இதைக் கம்பெனிகளுக்கே உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது, அதுவும் நம் ஊர் வழக்கில். சென்னை அம்பத்தூர் மகளிர் காவல் நிலையத்தில், குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாச வீடியோக்களை இறக்கி வைத்திருந்ததாக ஒருவர் மீது வழக்குப் பதிவானது. முன்னே சொன்ன அந்த அமெரிக்க மையத்துக்கு வந்த தகவல், தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வழியாக இங்கே வந்து சேர்ந்த வழக்கு அது. தனிமையில் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று, தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி ஜே.பி. பர்திவாலா அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 'குழந்தை ஆபாசப் படம்' என்று சொல்வதே தவறு, அது குழந்தை மீதான பாலியல் சுரண்டலின் பதிவு என்றும் சொன்னது. நமக்கு முக்கியமான பகுதி இன்னொன்று: அமெரிக்க மையத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டோம் என்று தளங்கள் ஒதுங்க முடியாது. போக்சோவின்படி இங்குள்ள போலீஸுக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு தளங்களுக்குத் தரும் பாதுகாப்பை, அதாவது 'பயனாளர் போட்டதற்கு நாங்கள் பொறுப்பில்லை' என்ற கவசத்தை, அவர்கள் கோர முடியாது.

இந்தத் தீர்ப்பை மேலே சொன்ன கடிதத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்.

புகார் கொடுக்கப் பல வாசல்கள் உண்டு. அவசரம், ஆபத்து என்றால் 112. குழந்தை உதவி எண் 1098. இங்கே பிள்ளையே நேரடியாகப் பேசலாம். இணையத்தில் 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது; பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். ஆனால் பெயரோடு கொடுத்தால்தான் பின்தொடர எண் கிடைக்கும், அதைத்தான் நான் சொல்வேன். நேரில் போவதென்றால் அனைத்து மகளிர் காவல் நிலையமோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையமோ. எல்லை எங்களுடையதில்லை என்று எந்த நிலையத்திலும் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இலங்கையில் இருப்பவர்கள் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929-ஐ அழையுங்கள்.

அந்த அம்மாவுக்கு இருந்த பெரிய பயம், "பிள்ளையை ஸ்டேஷன்ல உட்கார வெச்சிடுவாங்களா?" என்பது. வைக்க முடியாது. போக்சோவின் 24-ஆம் பிரிவின்படி குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும். கூடியவரை உதவி ஆய்வாளர் தகுதிக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை நிலையத்தில் வைக்கக் கூடாது. பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ கூட இருக்கலாம். பெயரோ பள்ளியோ முகவரியோ வெளியே வரக் கூடாது; பத்திரிகைக்கும் அந்தத் தடை உண்டு. எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் அந்த வாக்குமூலம் நடந்தது. சாதாரணச் சேலையில் வந்த அதிகாரி தரையில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணிடம் முதலில் கேமை எப்படி ஆடுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பத்து நிமிடம் அவள் விளக்கினாள். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்கள்.

எல்லா நிலையத்திலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். "பொண்ணு வாழ்க்கை, யோசிச்சுக்குங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். வழக்குப் பதியாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் கொடுத்து, விசாரிக்கிறோம் என்பார்கள். போக்சோ புகாரைப் பதியாமல் விடுவதே அந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறைக்குரிய குற்றம் என்பதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அதே 21-ஆம் பிரிவு நம் பக்கமும் திரும்பும். இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் மறைத்தால், தெரிந்த பெரியவர் எவரும் பொறுப்பாவார். பள்ளி நிர்வாகி மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "பள்ளிப் பெயர் கெட்டுவிடும், உள்ளுக்குள் பேசி முடிப்போம்" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். நல்ல எண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது. அதையும் 19-ஆம் பிரிவே சொல்கிறது.

கம்பெனி அசையாவிட்டால்

குறைதீர் அலுவலர் பதிலே சொல்லாவிட்டாலும், சொன்ன பதில் திருப்தி இல்லாவிட்டாலும் அதற்கு மேல் ஓர் இடம் இருக்கிறது. குறை மேல்முறையீட்டுக் குழு என்று பெயர். 2022 அக்டோபரில் விதிகளைத் திருத்தி, 2023 ஜனவரியில் மூன்று குழுக்களை மத்திய அரசு அமைத்தது. 'ஜி.ஏ.சி. டாட் கவ் டாட் இன்' தளத்தில் வீட்டிலிருந்தே மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கம்பெனியின் முடிவு வந்து 30 நாளுக்குள் செய்துவிட வேண்டும். கம்பெனிக்கு எழுதிய கடிதமும் புகார் எண்ணும் வந்த பதிலும் இருந்தால் ஒரு மணி நேர வேலை. புகார் எண் இல்லாவிட்டால் எதை வைத்து மேல்முறையீடு செய்வீர்கள்?

இப்படி ஒரு குழு இருப்பதே நான் பேசும் பெற்றோர் கூட்டங்களில் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடத் தெரிவதில்லை.

நடப்பதற்கு முன்னால்

மேலே சொன்னதெல்லாம் நடந்த பிறகு செய்வது. நம் விதிகளின் பெரிய ஓட்டையும் அதுதான். தப்பு நடந்த பின் எடு, நீக்கு, தகவல் கொடு என்கின்றன. சிறுவர் கணக்கை முதலிலேயே பூட்டிக் கொடு என்று சொல்வதில்லை. பிரிட்டனில் 2023-இல் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி 'ஆஃப்காம்' என்ற ஒழுங்குமுறை அமைப்பு எழுதிய நடைமுறைகள் 2025 மார்ச்சில் அமலுக்கு வந்தன. குரூமிங் நடக்க வாய்ப்புள்ள தளங்களில், பிள்ளைகளின் கணக்கை 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' பட்டியலில் முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டக் கூடாது, இருக்குமிடத்தைக் காட்டக் கூடாது, நட்புப் பட்டியலில் இல்லாதவர்கள் நேரடிச் செய்தி அனுப்ப முடியக் கூடாது என்பவை தொடக்க அமைப்பிலேயே இருக்க வேண்டும் என்று அவை எதிர்பார்க்கின்றன. மீறினால் உலகளாவிய வருமானத்தில் 10 சதவீதம் வரை அபராதம் போகலாம். அந்த மூன்று பூட்டும் இருந்திருந்தால் நாலரை மணிக்கு "சாப்பிட்டியா" வந்திருக்காது.

இங்கே 2023-இன் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கப்பட்ட சம்மதம் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அது பேசுவது தரவைப் பற்றி. செய்தி அனுப்பும் அந்நியனைப் பற்றி இல்லை.

அந்த விதிகளின் வரைவை 2025 ஜனவரியில் மத்திய அரசின் 'மைகவ்' தளத்தில் போட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அடுத்த முறை இப்படி ஏதாவது வரைவு வரும்போது, பிள்ளைகளின் கணக்குகளுக்குத் தொடக்கத்திலேயே பூட்டு வேண்டும் என்று ஒரு பத்தி எழுதி அனுப்புங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரில் ஐம்பது கையெழுத்தோடு போனால் இன்னும் நல்லது.

அதுவரை அந்தப் பூட்டுகளை நாமே போட வேண்டும். இன்ஸ்டாகிராமில் பதின்ம வயதினருக்கான தனிக் கணக்கு முறை 2025-இல் இந்தியாவுக்கு வந்தது. பிள்ளை உண்மையான வயதைக் கொடுத்திருந்தால் கணக்கு தானாகப் பூட்டியபடி இருக்கும். பிள்ளை பின்தொடராதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. 16 வயதுக்குள் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இந்தப் பூட்டைத் தளர்த்த முடியாது. வாட்ஸ்அப்பில், குழுவில் யார் சேர்க்கலாம் என்பதை 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள், தெரியாத எண் அழைப்புகள் ஒலிக்காதபடி வையுங்கள். கேம்களில் குரல் அரட்டையையும் தனி அரட்டையையும் நண்பர்களுக்கு மட்டும் என்று ஆக்குங்கள். கேமைப் பெற்றோர் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரு நாள் பிள்ளையோடு உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள், யார் யாரெல்லாம் வந்து பேசுகிறார்கள் என்று தெரியும்.

இந்தப் பூட்டுகளுக்கெல்லாம் சாவி ஒன்றுதான்: கணக்கு தொடங்கும்போது கொடுத்த பிறந்த தேதி. அந்தப் பெண்ணின் கேம் கணக்கைத் திறந்து பார்த்தபோது பிறந்த ஆண்டு 1998 என்று இருந்தது. கம்பெனியின் பதிவேட்டில் அவள் கல்யாண வயதுப் பெண். "எல்லாரும் அப்படித்தான் ஆன்ட்டி போடுவாங்க" என்றாள். தேதியைத் திருத்த அந்தக் கேம் விடவில்லை. போலீஸ் அந்தக் கணக்கிலிருந்து வேண்டியதை எடுத்து முடிக்கும் வரை காத்திருந்தோம். அப்புறம் அவளும் அவள் அம்மாவும் நானும் உட்கார்ந்து, உண்மையான பிறந்த தேதியைப் போட்டு, புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கினோம். பழைய கணக்கில் சேர்த்து வைத்திருந்த புள்ளிகள் போய்விட்டதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். பரிசாக வந்த உடுப்பைப் பற்றி அவள் கேட்கவில்லை.